சிறகுக் கதவுக்கு முன் பின்சக்கர போல்ட்: டெலோரியன் வாங்கியவருக்குப் பதில்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். கடந்த மே மாதம் 1981ஆம் ஆண்டு டெலோரியன் டிஎம்சி-12 கார் ஒன்றை வாங்கினேன், கதவுகள் சிறகுபோல் மேல்நோக்கித் திறக்குமே, அதுதான். ஐந்து கியர் வண்டி. முன்பு வைத்திருந்தவர் ஆறு வருடம் அதிகம் ஓட்டவில்லையாம். குளிரான காலைகளில் ஓட்டுநர் பக்கக் கதவு பாதியில் நின்று, மெல்ல இறங்கித் தலையில் இடிக்கிறது. ஒரு வாரம் எடுக்காவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் கிளம்ப மறுக்கிறது; இருபது நிமிடம் ஆறவிட்டால் கிளம்புகிறது. நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பின்பக்கம் லேசாக ஒதுங்குவதுபோல் இருக்கிறது. சக்கர வளைவின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. கம்பி நாரால் தேய்க்கச் சொல்கிறார் ஒரு நண்பர். முதலில் கதவைச் சரிசெய்யலாம் என்றிருக்கிறேன். உள்ளே இருக்கும் முறுக்குக் கம்பியை இறுக்கினால் போதுமா? குளிர்காலத்துக்கு வண்டியை எப்படி நிறுத்தி வைப்பது?

பதில்: கதவு கொஞ்ச நாள் காத்திருக்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் ஒதுங்குகிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை இந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப்போக வேண்டாம்.

டெலோரியனில் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் எடை 1,230 கிலோ சொச்சம். அதில் ஏறத்தாழ 65 சதவீதம் பின்சக்கரங்களின் மேல். அந்தச் சக்கரங்கள் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது டிரெயிலிங் ஆர்ம் என்ற நீண்ட கை, பக்கத்துக்கு ஒன்று. அந்தக் கையின் முன்நுனியை ஒரே ஒரு நீளமான போல்ட்தான் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு கோக்கிறது. தொழிற்சாலையில் போட்டனுப்பிய போல்ட் இந்தப் பாரத்துக்குப் போதுமான வலுவில்லாதது. வருடக்கணக்கில் மெல்ல வளையும். தன்னைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறி ஒட்டிக்கொள்ளும். பிறகு காலை அழுத்தும்போது ஒரு நிலையிலும், எடுக்கும்போது வேறு நிலையிலும் கை நிற்கும். மேலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்ற கோணம், மெக்கானிக்குகள் டோ என்பார்களே அது, ஓட்டத்திலேயே மாறும். நீங்கள் உணரும் ஒதுங்கலுக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். போல்ட் முறிந்துபோனால் பின்சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து அதைச் சமாளிக்க முடியாது.

சோதிப்பது எளிது, கழற்றுவதுதான் கடினம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, போல்ட்டின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, போல்ட் தலையை ஸ்பேனரால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். நேரான போல்ட்டின் தலை ஒரே இடத்தில் நின்று சுழலும். வளைந்ததன் தலை வட்டமடித்துத் தள்ளாடும். சுற்றவே வரவில்லை என்றால் துருவில் ஒட்டிவிட்டது. அதையும் போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே புது புஷ்ஷுகளையும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு பக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் உதவாது. இந்தக் காருக்கென்றே உயர்வலிமை உலோகக் கலவையில் செய்த போல்ட்டுகளை டெலோரியன் பாகம் விற்பவர்கள் வைத்திருக்கிறார்கள்.

கழற்றும்போது அந்தப் போல்ட்டில் கோத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எண்ணி, எது எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்து வையுங்கள். பின்சக்கரத்தின் டோ கோணத்தை முடிவு செய்வது அந்தத் தகடுகளின் எண்ணிக்கைதான். இடதும் வலதும் கலந்துவிட்டால் புது போல்ட் போட்டும் வண்டி கோணலாக ஓடும். புது போல்ட்டின் உடம்பில் துரு ஒட்டாமல் தடுக்கும் பசையைத் தடவுங்கள். கடைசி இறுக்கலை வண்டி தன் சக்கரங்களில் நின்று முழு எடையையும் தாங்கும் நிலையில் செய்ய வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். முன்சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பும் கடை இதற்குப் போதாது.

அதே நாளில் டயரையும் பாருங்கள். முன்னால் 195/60, 14 அங்குலம். பின்னால் 235/60, 15 அங்குலம். முன்பின் மாற்றிப் போட முடியாது. காற்று முன்னால் 23 பிஎஸ்ஐ, பின்னால் 30. நான்கிலும் ஒரே காற்றை நிரப்புவது பழக்கதோஷத்தில் எல்லாரும் செய்கிற தவறு, இந்த வண்டியில் அது ஆபத்தும்கூட: முன்டயர் கெட்டிப்பட்டு, பின்பக்கம் முதலில் வழுக்கும் குணம் கூடிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. பத்து வருடம் தாண்டியிருந்தால் பூ தேயாமல் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். லிஃப்டில் இருக்கும்போதே முன்பக்கத்துக் கீழ் ஆர்ம்களில் வளைவோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. அவை மெல்லிய தகட்டால் ஆனவை.

லிஃப்டோ ஜாக்கோ, அதற்கென்று குறித்த இடங்களில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், நடுவில் ரப்பரோ மரக்கட்டையோ கொடுத்து. மேலே தெரிகிற உலோகம் துருப்பிடிக்காதது என்பதால் கீழேயும் அப்படித்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். கீழே இருப்பது லோட்டஸ் நிறுவனத்தின் பாணியில் செய்த, இரு முனையும் கவட்டையாகப் பிரியும் முதுகெலும்புச் சேசிஸ். அது சாதாரண இரும்பு, மேலே எபாக்ஸி பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் அடியில் துரு படரும். சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறும் இடத்தில் பூச்சு இரும்பை விட்டுக் கழன்றிருக்கிறது. முக்கியமாகப் பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்களுக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒழுகும் பிரேக் ஆயில் பூச்சைத் தின்றுவிடும்.

அடுத்தது எஞ்சினைக் காப்பாற்றும் வேலை. உங்கள் கடிதத்தில் சூடேறுவது பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு வருடம் அதிகம் ஓடாத டெலோரியனில் கேட்காமலே இதைச் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் வாலில். நடுவில் முழு நீளத்துக்கும் குழாய். இந்த அமைப்பில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்வது சுலபம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கென்று எஞ்சின் அறையில் இருக்கும் பிளாஸ்டிக் புட்டிதான் முதல் பலி. 40 வருட அழுத்தத்தில் அதன் தையல் பிளந்துவிடும். பழைய புட்டி இன்னும் இருந்தால் யோசிக்காமல் உலோகப் புட்டிக்கு மாறுங்கள். கூலன்ட் மாற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் உறையில் இருக்கும் காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். குமிழ் நின்று ஒரே சீராகத் தண்ணீர் வரும்வரை விட்டு மூடுங்கள். ஓட்டும்போது சூடு காட்டும் முள் திடீரென்று கீழே இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்சாரைத் தொடக் கூலன்ட்டே மிச்சமில்லை என்றாலும் முள் அப்படி இறங்கும். அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும்.

ரேடியேட்டரின் பின்னால் இரண்டு மின்விசிறிகள். அவற்றின் மின்னோட்டம் முழுக்க ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ரிலே என்ற மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள் உள்ள அறை வழியாகப் போகிறது. விசிறி நின்றால் விளக்கு எரிய வைக்கும் ஒரு ரிலே அங்கே உண்டு. எச்சரிக்கத் தொழிற்சாலை வைத்த அந்த ரிலேயே சூடேறி உருகி, விசிறியை நிறுத்திவிடுவது இந்தக் காரின் பிரபலமான கோளாறு. வண்டியைக் கால் மணி நேரம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, விசிறி ஓடத் தொடங்கியபின் அந்த ரிலேக்களையும் சர்க்யூட் பிரேக்கரையும் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தாலோ, பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, எச்சரிக்கை ரிலேயைக் கழற்றி அதன் இடத்தில் பொருந்தும் இணைப்பைப் போட்டு, பிரேக்கரையும் புதிதாக்குங்கள். விசிறியை ஓட வைக்கும் வெப்ப ஸ்விட்ச் கூலன்ட் குழாயில் ஒரு கிளிப்பின் பிடியில்தான் இருக்கிறது. கிளிப் நழுவினால் ஸ்விட்ச் தெறித்து, கூலன்ட் மொத்தமும் சாலையில் கொட்டும். புதுக் கிளிப் சின்னச் செலவு. முதல் ஆர்டரிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு இடம், மேலிருந்து பார்த்தால் தெரியாதது. இந்த 2.85 லிட்டர் எஞ்சின் பியூஜோ, ரெனோ, வால்வோ மூன்றும் சேர்ந்து செய்தது. அலுமினிய உடல், வி வடிவில் ஆறு சிலிண்டர். இரு வரிசைக்கும் நடுவில், காற்றுக் குழாய்த் தொகுதிக்கு அடியில் ஒரு பள்ளம் உண்டு. எஞ்சின் மூடியின் வழியாக இறங்கும் மழைநீர், சருகு, எலி கொண்டுவந்த பஞ்சு எல்லாம் அங்கே சேரும். வடிகால் துளை அடைபட்டால் ஈரம் தங்கி, அலுமினியத்தை அரித்துத் துளைத்துவிடும். கூலன்ட் எஞ்சின் ஆயிலில் கலக்கும். காட்சிக்காக வைத்திருந்த வண்டிகள் இதில் எஞ்சினையே இழந்திருக்கின்றன. வளையும் கேமரா இருந்தால் உள்ளே விட்டுப் பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் மோர்போல வெள்ளை நுரை இருந்தால் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். இல்லையென்றால் குறுகிய முனையுள்ள வாக்குவம் குழாயால் உறிஞ்சி எடுத்து, துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தால் போதும். அந்தத் தொகுதியை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அடியில் முழுதாகச் சுத்தம் செய்யாமல் மூடவே கூடாது.

சூடாக இருக்கும்போது கிளம்ப மறுப்பதற்கு வருவோம். இதில் இருப்பது பாஷ் கே-ஜெட்ரானிக், பெட்ரோலை அழுத்தத்திலேயே அளந்து தொடர்ந்து பீச்சும் இயந்திர முறை. எஞ்சினை அணைத்த பிறகும் குழாய்களில் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆறியபின்தான் மறுபடி திரவமாகும். உங்கள் இருபது நிமிடக் கணக்கு அதோடு பொருந்துகிறது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வேலை அக்யுமுலேட்டர் என்ற உருளையுடையது. அதன் பின்பக்கத்துச் சிறு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அங்கே பெட்ரோல் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. அது காய்ந்திருந்தால் பம்பின் ஒருவழி வால்வைச் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் கையாளும் வேலை இது: பேட்டரி இணைப்பைக் கழற்றி, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கிளம்பாத வண்டியைக் கிளப்ப, மெக்கானிக்குகளில் சிலர் 3 மில்லிமீட்டர் சாவியை எடுத்துக் கலவைத் திருகைத் திருப்பத் தொடங்குவார்கள். தடுத்துவிடுங்கள். அழுத்தமானி மாட்டிப் பார்க்காமல் அந்தத் திருகைத் தொட்டால், ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டாகும். அமைப்பின் அழுத்தம் சுமார் 5 பார் இருக்கிறதா, எஞ்சின் சூடேறும்போது கட்டுப்பாட்டு அழுத்தம் ஏறுகிறதா, அணைத்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மூன்றையும் அளந்த பிறகுதான் மற்றதெல்லாம். டெலோரியன் தெரிந்த மெக்கானிக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. 1980 வாக்கிலான மெர்சிடிஸ், போர்ஷே, வோக்ஸ்வாகன் வண்டிகளைப் பழுது பார்த்தவருக்கு இந்த முறை அத்துபடியாக இருக்கும். எஞ்சினைப் பொறுத்தவரை பழைய வால்வோ 260 வரிசை தெரிந்தவர் போதும். பெட்ரோல் தொட்டி முன்பக்கம், பம்ப் அதற்குள்ளேயே. பம்பைச் சுற்றியுள்ள ரப்பர் உறையும் உறிஞ்சு குழாயும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் கூழாகிவிடுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி வெயிலில் இழுவை குறைந்து நின்றுவிட்டால், கூழாகி மென்மையான அந்த உறிஞ்சு குழாய் சப்பி மூடிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது கதவு. கதவு ஏறக்குறைய 40 கிலோ. அதைத் தூக்குவது இரண்டு உறுப்புகள்: கூரைக்குள் நீளவாட்டில் படுத்திருக்கும் முறுக்குக் கம்பி, அதோடு ஸ்டிரட் என்ற, வாயு நிரப்பிய தள்ளுதண்டு ஒன்று. அந்தக் கம்பி விண்கலப் பாகங்கள் செய்த கிரம்மன் நிறுவனத்துடையது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து முறுக்கி எடுத்தது. நாற்பது வருடம் கழித்தும் பெரும்பாலானவை தளராமல் நிற்கின்றன. தளர்வது ஸ்டிரட்தான். உள்ளிருக்கும் வாயு வருடத்துக்கு வருடம் கசிகிறது. மிச்சமிருப்பதும் குளிரில் சுருங்குகிறது. 20 டிகிரியில் இருந்த அழுத்தம் உறைநிலையில் சுமார் 7 சதவீதம் குறைந்துவிடும். போதும் போதாததாக இருக்கும் ஸ்டிரட்டுக்கு அந்த ஏழே போதும், கதவு இறங்கிவிட. மதியத்தில் ஒழுங்காக ஏறி, காலையில் மட்டும் தொங்குகிறது என்றால் குற்றம் கம்பியுடையது அல்ல.

ஆகவே முறுக்குக் கம்பியைத் தொடாதீர்கள். கதவு முழுதாகத் திறந்திருக்கும்போதும் அதில் விசை மிச்சமிருக்கும். அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் நுனியை விடுவித்தால் கையை முறித்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. சோர்ந்த ஸ்டிரட்டை ஈடுகட்டக் கம்பியை அதிகம் இறுக்கினால், கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்தக் கூடுதல் விசை கூரையைத் திருகிக்கொண்டே இருக்கும். கதவு பொருந்தும் இடைவெளியும் கெடும். பிறகு புது ஸ்டிரட் போட்டால் கதவு மேலே அடித்துக்கொண்டு எழும்பும்.

ஸ்டிரட்டை நீங்களே மாற்றலாம், இன்னொரு ஆள் இருந்தால். வாசற்படிக்கும் திறந்த கதவின் ஓரத்துக்கும் சரியாக நிற்கும் நீளத்தில் ஒரு மரக்கழியை வெட்டி, இரு நுனியிலும் துணி சுற்றி, முட்டுக் கொடுங்கள். கூட இருப்பவர் கழி இருந்தாலும் கதவை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஸ்டிரட்டின் இரு முனையிலும் உருண்டைக் குமிழைக் கவ்வும் கிளிப் இருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பைச் சற்று நெம்பி இழுத்தால் கழன்றுவிடும். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ் வளைந்திருந்தாலோ தேய்ந்திருந்தாலோ அதையும் மாற்றுங்கள். நீளம் ஒத்துப்போகிறது என்று வேறு காரின் ஸ்டிரட்டைப் போடாதீர்கள், தள்ளும் விசை வேறாக இருக்கும். இரண்டு கதவுக்கும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது. புது ஸ்டிரட் போட்ட பிறகும் மிதமான வெயிலில் கதவு ஏறவில்லை என்றால் அப்போது கம்பியைப் பற்றிப் பேசலாம், கருவி வைத்திருப்பவரிடம்.

பேட்டரி பிரச்சினையும் பாதி கதவிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கதவிலும் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒன்று. இரண்டும் விழ வேண்டும். உள்ளிருந்து வாரைப் பிடித்து இழுக்கும்போது ஒன்று விழுந்து மற்றொன்று பாதியில் நின்றாலும் கதவு மூடியதுபோலவே தெரியும். ஆனால் உள்விளக்கு ஏதாவது எரிந்துகொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 வாட் பல்பு ஒன்று எடுப்பது மூன்றில் ஒரு ஆம்பியர். ஏழு நாளில் 56 ஆம்பியர்-மணி. ஒரு பேட்டரியை முழுதாகக் காலி செய்ய அது போதும், உங்கள் ஒரு வாரக் கணக்கும் அதுதான். பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் வயருக்கும் நடுவில் அம்மீட்டரை இணைத்து, கதவுகளை மூடிச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.3 காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. கொக்கி விழும் ஊசிகளைத் தளர்த்தி மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தித்தான் கதவைப் பொருத்த வேண்டும். ஓங்கி அறைந்து மூடும் பழக்கம் உள்ளிருக்கும் இணைப்புக் கம்பிகளை வளைத்துவிடும்.

கதவுப் பூட்டு மின்சுருளும் இதே கணக்கில் சேரும். பூட்டை இயக்கும் பெட்டியில் உள்ள ரிலே சில சமயம் ஒட்டிக்கொண்டு, ஒரு நொடி மட்டும் போக வேண்டிய மின்சாரத்தை நிறுத்தாமல் அனுப்பும். சுருள் கருகும், பேட்டரி இறங்கும், மோசமான நேரத்தில் பூட்டும் மாட்டிக்கொள்ளும். ஜன்னலோ, கதவுக் கண்ணாடியின் நடுவில் கையை நீட்டிக் காசு கொடுக்கும் அளவுக்கு மட்டும் இறங்கும் சிறு துண்டு. அதன் வழியாக ஆள் வெளியே வர முடியாது. கதவு உலோகம் சுடுவதாகத் தெரிந்தால் பூட்டின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள், சாவியாலும் உள் குமிழாலும் கையால் பூட்டிக்கொள்ளலாம். இன்று இதற்குப் புதுப் பெட்டியும், சுருளுக்குப் பதில் மோட்டார் வைத்த பூட்டும் கிடைக்கின்றன. சீட் பெல்ட் அறுக்கவும் கண்ணாடி உடைக்கவும் உதவும் சிறு கருவி ஒன்றை உட்கார்ந்த நிலையில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பேட்டரி பயணி இருக்கைக்குப் பின்னால், ஆள் உட்காரும் அறைக்குள்ளேயே இருப்பதால் ஆசிட் ஊற்றும் வகை வேண்டாம். முழுதும் மூடிய ஏஜிஎம் வகை வாங்குங்கள்.

கராஜில் ஒரு அளவு நாடா எடுத்துப் பார்த்துவிடுங்கள். மூடிய நிலையில் கார் 1.14 மீட்டர்தான், கதவுகள் விரிந்தால் சுமார் 1.96 மீட்டர். பக்கவாட்டில் சொற்ப இடம் போதும், ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். சாதாரணக் கதவுள்ள காரைவிட இது மேல். தொல்லை தலைக்கு மேல்தான். கராஜ் கதவைச் சுருட்டி மேலே ஏற்றியபின் அது தொங்கும் உயரத்தை அளங்கள், கூரையை அல்ல. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலத்தடி நிறுத்துமிடங்களில் தண்ணீர்க் குழாய்கள் தாழ்வாக ஓடும்; கதவைத் திறக்குமுன் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

பழுப்புப் புள்ளிக்குக் கம்பி நார் கூடவே கூடாது. இந்தக் காரின் மேல்தகடு நம் சமையலறை எவர்சில்வர் குடும்பத்தைச் சேர்ந்த 304 வகை. கம்பி நாரின் இரும்புத் துகள் அதன் கோடுகளில் சிக்கி, இரண்டு நாளில் துருவாகப் பூக்கும். பிறகு காரே துருப்பிடித்ததுபோல் தெரியும். உங்கள் புள்ளிகளும் பெரும்பாலும் பிரேக் தூளோ, அருகிலிருக்கும் சாதாரண போல்ட்டின் துரு வழிந்ததோதான். முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். போகாவிட்டால் ஆக்சாலிக் அமிலம் கலந்த பாத்திரப் பொடியை ஈரத்துணியில் தொட்டு, தகட்டின் கோடு ஓடும் திசையில் மட்டும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கடைசி வழி, உலோகம் கலக்காத நைலான் நார். அதையும் கோட்டின் திசையில் நீள இழுப்பாக, கண்ணில் படாத ஓரத்தில் சோதித்த பிறகு. வட்டமாக ஒரு முறை தேய்த்தாலும் அந்த வட்டம் வெயிலில் தூரத்திலிருந்தே தெரியும். குளோரின் ப்ளீச் கிட்டேயே வரக்கூடாது. உப்பு ஊறுகாய் வைத்த எவர்சில்வர் சம்புடத்தில் ஊசி முனைபோலப் புள்ளி விழுமே, ப்ளீச்சும் சாலை உப்பும் இந்தத் தகட்டுக்குச் செய்வது அதைத்தான். பள்ளம் விழுந்தால் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும் வழி இங்கே இல்லை. அடிக்க அடிக்க இறுகும் உலோகம் இது. இதில் கைபழகியவர் தட்டி நிமிர்த்தி, கோடுகளை மறுபடி போட வேண்டும்.

குளிர்காலத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: சாலையில் முதல் உப்பு விழுமுன் வண்டி கராஜில் இருக்க வேண்டும். கடைசி ஓட்டத்தில் அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து, எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதைத் தொட்டி நிறைய நிரப்பி, கெடாமல் காக்கும் மருந்தைப் புட்டியில் குறித்த அளவில் கலந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள், மருந்து குழாய்கள்வரை போகட்டும். எஞ்சின் ஆயிலை நிறுத்துமுன் மாற்றுங்கள். கூலன்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. அளக்கும் கருவி மலிவு, ஊகிக்க வேண்டாம். கைப்பிரேக் போடாமல் சக்கரத்துக்கு முட்டு வையுங்கள், நான்கும் டிஸ்க் பிரேக், மாதக்கணக்கில் அழுத்தி வைத்தால் பேட் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியை வெளியே எடுத்துச் சார்ஜ் பராமரிப்பானில் மாட்டிவிடுங்கள். கதவு ரப்பர்களுக்கு சிலிக்கான் தடவி, கதவை முழுதாக மூடி வையுங்கள். எலி வராமல் வெளியேற்றுக் குழாயின் வாயை அடைத்தால், நினைவூட்ட ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவையுங்கள்.

நடுக் குளிர்காலத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வழக்கம் வேண்டாம். எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் அணைத்தால் உள்ளே சேரும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும்.

பாகங்களுக்கு அலைய வேண்டாம். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் இருந்த தொழிற்சாலை 1982 இறுதியில் நின்றுபோனாலும், மிச்சமிருந்த பாகக் கிடங்கு அமெரிக்காவுக்குப் போய், இப்போது டெக்சாஸ் மாநிலம் ஹம்பிளில் இருக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முதல் ஆர்டரில் டிரெயிலிங் ஆர்ம் போல்ட் ஒரு ஜோடி, அவற்றின் புஷ்ஷுகள், கூலன்ட் புட்டி, வெப்ப ஸ்விட்ச் கிளிப், விசிறி ரிலேக்கு மாற்று இணைப்பு, அக்யுமுலேட்டர், கதவு ஸ்டிரட் ஒரு ஜோடி. கிளட்ச் குழாய் இன்னும் பழைய பிளாஸ்டிக்காகவே இருந்தால் எஃகு வலை பின்னிய குழாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிதியிலிருந்து வண்டியின் வால்வரை ஓடும் அந்த நீளத்தில் பிளாஸ்டிக் உப்பி, மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது. இத்தனையும் வந்து சேர்ந்ததும் லிஃப்டில் முதலில் கழற்ற வேண்டியது அந்தப் போல்ட்டுகளை.